ஹாலிஹாக் துரு நோய்: மருந்தா, கத்தரிக்கோலா, வேறு ரகமா?

அடி இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சும் பழுப்புமாகக் கொப்புளம். இங்கிலாந்தில் ஹாலிஹாக் என்ற உயரமான பூச்செடியை வளர்க்கிறவர்களில் இந்தத் துரு நோயைப் பார்க்காதவர் அபூர்வம். மருந்து அடிக்கலாம், இலையைக் கிள்ளலாம், செடியையே மாற்றலாம். கிள்ளுவதும், பூத்து முடிந்த செடியைத் தயங்காமல் பிடுங்குவதும்தான் என் கட்சி.

காரணம் நோயின் குணம். பக்சீனியா மால்வாசியாரம் என்ற இந்தப் பூஞ்சை சிலியிலிருந்து கிளம்பி 1873-இல் இங்கிலாந்துக்கு வந்தது. எசெக்ஸின் சாஃப்ரன் வால்டனில் அடுக்கு ஹாலிஹாக் வளர்த்துப் பேர் வாங்கிய வில்லியம் சேட்டரின் தொழிலையே அது ஆட்டிவிட்டது. கோதுமைத் தண்டுத் துரு தன் வாழ்க்கையை முடிக்க பார்பெரி என்ற புதர் போல இன்னொரு செடி வேண்டும், இதற்கு வேண்டாம், முழு வாழ்க்கையும் ஒரே செடியில் முடிந்துவிடும். இலை நனைந்தால் கொப்புளத்திலிருக்கும் வித்துகள் அங்கேயே முளைத்து, அதிலிருந்து கிளம்பும் நுண்வித்துகள் காற்றில் பக்கத்து இலைக்குப் போகும். குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் பச்சை இலைகளில் பதுங்கி, வசந்தத்தில் மறுபடி தலைகாட்டும்.

அதனால் மார்ச்சில் பழைய அடி இலைகளை வெட்டி எடுப்பது நோயின் இருப்பிடத்தையே காலி செய்கிற வேலை. அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், புள்ளி விழுந்ததைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், வீட்டு மக்குக் குழிக்குள் மட்டும் போடாதீர்கள். இதில் ஒரு குறை உண்டு: மழை விடாமல் பெய்யும் கோடையில் கிள்ளிக்கொண்டே போனால் செடியில் இலையே மிஞ்சாது. பூப்பதற்கு இலை வேண்டும், ஆகவே பாதிக்கு மேல் புள்ளி வந்துவிட்டால் மோசமானதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். அது பூத்து முடிக்கும்.

மருந்துக்கு வருவோம். கந்தகம், மேங்கோசெப் மாதிரியானவை இலைமேல் ஒரு காப்பாக நிற்பவை, நோய் நுழைவதற்கு முன்னால் அடித்தால்தான் பயன். டெபுகோனசோல், மைக்ளோபியூட்டனில் இரண்டும் இலைக்குள் இறங்குபவை, ஆரம்பத் தொற்றை ஓரளவு அடக்கும். எது கிடைக்கும், எதற்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், லேபிளைப் படித்தே ஆக வேண்டும். ஆறடி எட்டடி உயரச் செடியில் இலையின் அடிப்பக்கமெல்லாம் நனைகிற மாதிரி, கோடை முழுக்கத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், அதுவும் வண்டுத்தேனீக்கள் பூவுக்குள் புரண்டுகொண்டிருக்கும்போது. எனக்கு மனசு வரவில்லை. விட்டுக்கொடுக்க முடியாத அருமையான பழைய செடி என்றால் பூக்கும் முன் வசந்தத்தில் அடிப்பதை ஒப்புக்கொள்வேன். சமையல் சோடாவையும் வேப்பெண்ணெயையும் நம்பி இந்த நோயை எதிர்கொள்ளாதீர்கள்.

வேறு ரகம் என்பது உழைப்புக் குறைந்த வழி. அத்தி இலை போலப் பிளந்த இலையுள்ள அல்சியா ஃபிசிஃபோலியா, மஞ்சள் பூ அல்சியா ருகோசா, மார்ஷ்மேலோ செடியோடு கலந்து உருவான பார்க்அல்லே, இவையெல்லாம் துருவை நன்றாகத் தாங்கும். தாங்கும் என்றால் வரவே வராது என்றில்லை, வந்தாலும் செடி அலங்கோலமாகாது. ஆனால் கறுப்பில் முடியும் அந்த அடர்சிவப்பும் சேட்டர் வகையின் அடுக்குப் பூவும் வேண்டுமென்றால் வழக்கமான ஹாலிஹாக்கான பழைய அல்சியா ரோசியாதான், அதற்குத் துரு பிடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் ருகோசா வாங்கட்டும், அடுக்குப் பூ ஆசை உள்ளவர் கத்தரியைக் கையில் எடுக்கட்டும்.

எந்தப் பக்கம் போனாலும் செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விடுங்கள், தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், வேலியோரம் தானாக முளைக்கும், ஹாலிஹாக்கின் உறவான மால்வா களையைப் பிடுங்குங்கள், அதிலும் இதே துரு குடியிருக்கும். ஜூனில் புது விதை போட்டு, நாற்றைப் பழைய செடி நின்ற இடத்துக்குத் தள்ளி நட்டால் அடுத்த கோடைக்குப் பூ ரெடி.