ஹேட்ச் மூடிச் சோதனை: தண்ணீர்க் குழாயா, அல்ட்ராசோனிக்கா?

சரக்கு ஏற்றுவதற்கு முன் கப்பலின் ஹேட்ச் மூடிகளை, அதாவது ஹோல்ட் எனப்படும் சரக்கறையின் மேல்திறப்பை அடைக்கும் மூடிகளை, பார்க்கச் சொல்லி சர்வேயரை (கப்பலைப் பரிசோதிப்பவரை) அழைப்பவர்கள், எந்த முறையில் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. மழையும் கடல்நீரும் உள்ளே போகாது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. 1966ஆம் ஆண்டின் சுமைக்கோடு உடன்படிக்கை இதைவிடக் கறாரானது. கடல் எந்த நிலையில் இருந்தாலும் தண்ணீர் கப்பலுக்குள் புகக்கூடாது என்கிறது. துறைமுகத்தில் அசையாமல் கட்டிக்கிடக்கும் கப்பலில் இதை நேரடியாக நிரூபிக்க முடியாது. ஆகவே எந்தச் சோதனையைச் செய்தாலும் அது ஒரு மறைமுகமான சான்றுதான்.

போட்டி உண்மையில் இரண்டுக்கு இடையில்தான்: தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் டெஸ்ட், காதுக்குக் கேட்காத ஒலியால் பார்க்கும் அல்ட்ராசோனிக் டெஸ்ட். கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் கிடைத்தால் அல்ட்ராசோனிக்கையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஹோஸ் டெஸ்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் பலரும் கொடுக்கும் அளவுக்குப் பெரிய இடம் இல்லை.

ஹோஸ் டெஸ்டின் பலம், அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பது. மேலே தண்ணீர் அடிக்கிறோம், கீழே சொட்டினால் ஓட்டை. கேப்டன், ஏஜென்ட், சரக்குக்காரர் என எல்லோருக்கும் புரியும். முறைப்படி செய்தால் சுமார் 2 பார் அழுத்தத்தில், மூடியின் இணைப்பிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் தூரத்தில் நாஸிலைப் பிடித்து, மீட்டருக்கு 2 வினாடி வீதம் நகர்த்த வேண்டும். தளத்தில் பல சமயம் நடப்பது வேறு. டெக் கழுவுவதைப் போல தூரத்தில் நின்று ஒரு சுற்று அடித்துவிட்டு, முடிந்தது என்பார்கள். அந்த நேரத்தில் சர்வேயர் ஹோல்டுக்குள் இருந்தால் மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே இருந்தால் கீழே சொட்டுவது தெரியாது. நம்பகமான இருவர், வாக்கிடாக்கி, காலியான ஹோல்ட் எல்லாம் வேண்டும். ஹோல்டின் தரையான டாங்க்டாப்பில் நின்றுகொண்டு பல மீட்டர் உயரத்தில், அரை இருட்டில், ஒரு துளி எங்கிருந்து விழுகிறது என்று கண்டுபிடிப்பதும் லேசான வேலை இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வடிகால் வாய்க்கால். இரண்டு மூடிகள் சந்திக்கும் குறுக்கு இணைப்பை எடுத்துக்கொள்வோம். இணைப்பை அடைக்கும் ரப்பரைத் தாண்டி வரும் தண்ணீர் நேராக ஹோல்டுக்குள் விழாது. அடியில் இருக்கும் வாய்க்காலில் விழுந்து, கோமிங் (திறப்பைச் சுற்றி எழும்பிய விளிம்பு) ஓரமாக ஓடி, வடிகால் குழாய் வழியாக டெக்குக்கே திரும்பிவிடும். வடிவமைப்பே அப்படி. ஆனால் சோதனையின்போது இதுவே கண்கட்டு வித்தையாகிவிடுகிறது. ரப்பர் தோற்றிருக்கும், ஹோல்ட் காய்ந்திருக்கும், ரிப்போர்ட்டில் ‘கசிவு இல்லை’ என்று வரும். அலைகள் மூடிமேல் ஏறி அடிக்கும்போது அந்த வாய்க்கால் தாங்காது. ஹோஸ் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும் என்றால், வடிகால் வெளிவாயில் ஒருவரை நிறுத்தி, அங்கே தண்ணீர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹோல்டுக்குள் நிற்பவரைவிட அவர்தான் அதிகம் சொல்வார்.

அல்ட்ராசோனிக் கேட்கும் கேள்வியே வேறு. தண்ணீர் வருகிறதா என்று அது பார்ப்பதில்லை, ரப்பர் போதுமான அளவு அழுந்துகிறதா என்று பார்க்கிறது. ஒலி அனுப்பும் கருவியை ஹோல்டுக்குள் வைத்து, முதலில் மூடியைத் திறந்த நிலையில் அளவெடுக்க வேண்டும். பிறகு மூடி, கிளீட் எனும் இறுக்கும் கொக்கிகளையெல்லாம் போட்டு, கடலில் போகும்போது இருப்பதைப் போலவே இறுக்கிவிட்டு, அந்த ஒலியைப் பிடிக்கும் வாங்கியுடன் வெளியே இணைப்பு முழுவதும் நடக்க வேண்டும். திறந்த நிலை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் எங்கே வந்தாலும் அங்கே அழுத்தம் போதவில்லை என்பது நடைமுறை விதி. திறந்த அளவு 60 டெசிபல் என்றால் எல்லை 6. நடந்துகொண்டே இருக்கும்போது 1, 2 என்று இருந்த எண் ஒரு மூலையில் சட்டென்று 14க்கு ஏறும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு நகரலாம். எந்தப் பேனல், எந்தப் பக்கம், எத்தனையாவது மீட்டர் என்பது வரை கையில் இருக்கும். இந்தத் துல்லியத்தை ஹோஸ் தராது.

சரக்கு உள்ளே இருக்கும்போதும் இதைச் செய்யலாம், கருவியை வைக்க இடமும் ஒலி பரவ வெளியும் இருந்தால் போதும். குளிர்ப் பிரதேசத்தில் தண்ணீர் உறைந்துபோகும் கவலை இல்லை. டெக்கில் கிடக்கும் சரக்குக் கழிவைக் கடலுக்குள் தள்ளிவிட்டோம் என்ற பிரச்சினையும் வராது. அரிசியோ சர்க்கரையோ ஏற்றப்போகும் ஹோல்டை நனைத்துவிட்டு, அப்புறம் காயவைக்க நேரம் தேடவும் வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இணைப்பில் தேங்கிய தண்ணீர் ஒலியை மறித்து நல்ல எண்ணைக் காட்டிவிடும். அதனால் மழை விட்ட கையோடு செய்யக்கூடாது, ஹோஸ் டெஸ்டுக்குப் பிறகும் செய்யக்கூடாது. மூடி மேல் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பக்கத்தில் காற்றுக் குழாய் சீறிக்கொண்டிருந்தால் எண்கள் குழம்பும். கருவி வகுப்புச் சங்கத்தின் (கப்பல்களுக்குத் தரவிதி வகுத்துச் சான்று தரும் அமைப்பின்) ஒப்புதல் பெற்றதா, அளவுத்திருத்தச் சான்று காலாவதி ஆகவில்லையா என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்கத்தான் வேண்டும். இன்னொன்று, 10 சதவீதத்தைத் தாண்டிய இடமெல்லாம் ஒழுகும் என்று அர்த்தமில்லை. முதன்மை அதிகாரி ஹோஸ் அடித்துக் காட்டி, "பாருங்க சார், ஒரு சொட்டு வரலை" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கப்பல் அலையில் வளையும்போது மூடிகள் ஒன்றுக்கொன்று நகரும், அந்த அசைவை ஈடுகட்டவே ரப்பரின் அழுத்தம் இருக்கிறது. அது இன்று இல்லை என்றால் கடலில் எங்கிருந்து வரும்?

சாக்பீஸ் டெஸ்டை இந்த வரிசையில் சேர்ப்பதே தவறு. ரப்பரில் பதியும் அழுத்தக் கம்பியில் சாக்பீஸ் தடவி, மூடித் திறந்து, ரப்பரில் படிந்த கோட்டைப் பார்ப்பார்கள். தொட்டது தெரியும், எவ்வளவு அழுந்தியது என்பது தெரியாது. மூடி நேராக உட்கார்கிறதா என்று சரிபார்க்க உதவும், அவ்வளவுதான். உள்ளே நின்று வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதும் அப்படியே. பெரிய இடைவெளி மட்டுமே கண்ணில் படும். நிலக்கரி, பழைய இரும்பு போன்றவை இருந்த ஹோல்ட் என்றால் ஆக்சிஜன் அளக்காமல் அதற்காக உள்ளே இறங்கவே கூடாது.

ஹோஸ் டெஸ்ட் எங்கே பொருந்தும்? ரப்பர் மாற்றிய பின், ஹோல்ட் காலியாக இருக்கும்போது, உறுதிப்படுத்தும் சோதனையாக. வகுப்புச் சங்கங்களின் விதிகளும் ஹோஸ் அல்லது அதற்கு இணையானது என்றே கேட்கின்றன. இரண்டில் எதுவானாலும் தொடங்கும் முன் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். அழுத்தக் கம்பி பதித்த நிரந்தரப் பள்ளம், வடிவமைத்த அழுத்த ஆழத்தில் பாதியைத் தொட்டிருந்தால் எந்த எண்ணும் அந்த ரப்பரைக் காப்பாற்றாது. ரப்பருக்கு அடியில் பட்டை வைத்து உயர்த்துவது, ஃபோம் அடித்து அடைப்பது எல்லாம் அந்த ஒரு நாளைக்கு எண்ணைக் குறைக்கும் வித்தைகள். கண்டால் படம் எடுத்து ரிப்போர்ட்டில் போடுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘மூடிகள் வெதர்டைட்’ (எந்தக் கடல்நிலையிலும் தண்ணீர் புகாதவை) என்று எழுதாதீர்கள். எந்த முறை, எந்தக் கருவி, கப்பலின் ட்ராஃப்ட் (நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) என்ன, திறந்த அளவு எவ்வளவு, எந்தெந்த இடத்தில் என்ன எண், எதைச் சரிசெய்து மறுபடி அளந்தோம் என்று எழுதுங்கள். ஹோஸ் டெஸ்ட் என்றால் அழுத்தம், வடிகால் கண்காணிப்பு இரண்டையும் சேருங்கள். ஆறு வாரம் கழித்து வேறொரு துறைமுகத்தில் துருப்பிடித்த இரும்புச் சுருளின் மேல் யாரோ சில்வர் நைட்ரேட் துளி விடுவார்கள். வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு இருக்கிறது, கடல்நீர் மேல் சந்தேகம் விழும். வழக்கறிஞர்கள் அப்போது தேடுவது ‘வெதர்டைட்’ என்ற சொல்லை அல்ல, மூன்றாம் ஹேட்சின் குறுக்கு இணைப்புக்கு எதிரே நீங்கள் எழுதிய எண்ணைத்தான்.