போடிமெட்டுக்கு சைக்கிளா, டாப் ஸ்டேஷனுக்கு நடையா?

மதுரையிலிருந்து மேற்கே போனால் போடிநாயக்கனூரில் சமவெளி முடிந்துவிடும். எதிரே நிற்கும் மலையில் ஏற இரண்டு வழி. அடிவாரத்து முந்தல் வழியாக, கேரள எல்லைக் கணவாயான போடிமெட்டுக்குப் போகும் தார்ச்சாலை சைக்கிள்காரர்களுடையது. குரங்கணி கிராமத்திலிருந்து, மூணாறு பக்கத்து மலைமுகட்டில் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை நடப்பவர்களுடையது.

சைக்கிளில் வேகமாகப் போவதால் மலை கண்ணில் படாது என்று நடப்பவர்கள் சொல்வதுண்டு. ஏற்றத்தில் அது எடுபடாது. முந்தல் தாண்டிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வேகம். இரண்டு அனுபவங்களும் வேறுபடுவதற்குக் காரணம் பாதை போட்ட விதம்தான். பஸ்ஸும் லாரியும் ஏறுவதற்காகச் சரிவைச் சீராக வெட்டிய சாலை அது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் மலையின் வெளிப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஏறுகிறது. ஒரு வளைவில் முகத்துக்கு நேரே பாறை. அடுத்ததில் போடியும் தென்னந்தோப்புகளும் முன்பு பார்த்ததைவிடச் சிறுத்துக் கீழே கிடக்கும். எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரியும்.

குரங்கணிப் பாதையில் இந்தக் காட்சி அவ்வளவாகக் கிடைக்காது, பாதி நேரம் மரங்களுக்குள்தான் நடை. ஆனால் மலையின் உள்பக்கம் நடப்பவருக்கே கிடைக்கிறது. கீழே முட்புதர், அப்புறம் காப்பியும் மிளகுக்கொடியும், மேலே புல்வெளி, தேயிலை. டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு ஒரு காலத்தில் ரோப்வேயில் தேயிலை இறக்கிய சரிவு இது. அந்தச் சரக்கு இறங்கிய உயரத்தை முழங்கால் வலிக்க ஏறும்போதுதான் அந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

கணவாயைக் கடக்கும் அனுபவத்தில் மட்டும் என் ஓட்டு சைக்கிளுக்கே. தென்மேற்குப் பருவமழையின்போது கேரளப் பக்கம் கொட்டும், தேனிப் பக்கம் காய்ந்து கிடக்கும். வெயிலில் வியர்த்து ஏறி மெட்டை நெருங்கினால், முகட்டைத் தாண்டி வழியும் மேகம் நெற்றியில் படும். சுமார் 4,500 அடி உயரத்தில், சோதனைச்சாவடியைக் கடந்து நாலு மிதி மிதித்தால் ஏலக்காய்த் தோட்டம், ஈரம், குளிர். நடையில் இந்த மாற்றம் மெல்ல மெல்ல வருவதால் இப்படி உடம்பில் அறையாது.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். சைக்கிள்காரருக்கு பிரேக்கும் அடுத்த வளைவும் தவிர வேறு எதுவும் தெரியாது. காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். அந்த நேரத்தில் சாலையில் இருக்கவே கூடாது.

நடப்பதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் இந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்தார்கள். கோடையில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் சைக்கிளை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் மண் சரியும், அப்போது இரண்டுமே வேண்டாம். தை பிறந்ததும் நடக்கலாம்.