மஞ்சள் கரிசாலை என்று விற்கப்படும் அழகுச் செடி: நாற்று வாங்குவோர் கவனிக்க

மஞ்சள் கரிசாலை என்கிற மஞ்சள் கரிசலாங்கண்ணி நாற்று வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மூலிகை நாற்று கிடைக்கும் என்று பலகை வைத்திருக்கும் ஒரு பண்ணையில், நாற்று 12 ரூபாய் வீதம் 600 நாற்றுகள் வாங்கினேன். அவர்கள் ஏற்றி அனுப்பியது கரிசாலையே இல்லை. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரையை மூடுவதற்காக வளர்க்கும் அமெரிக்கப் பூச்செடி அது.

வாய்க்கால் ஓரம் ஈரமும் அரை நிழலும் உள்ள பாத்திகளில் நட்டோம். வெறிகொண்டதுபோல் படர்ந்தது. காயவைத்த தழையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த சித்த மருத்துவர் ஒரு கொத்தைக் கையில் வாங்கி, இலையைத் தடவிப் பார்த்த உடனே, "இது பொற்றலைக் கையாந்தகரை இல்லை அம்மா" என்று, மஞ்சள் கரிசாலையின் இன்னொரு பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் வீட்டில் என் மாமியாருக்கு அதைக் கீரையாகக் கடைந்து கொடுத்திருந்தோம். ஈரலுக்கு நல்லது என்று விற்றவரே சொல்லியிருந்தார். எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

வித்தியாசம் தெரிந்துவிட்டால் ஏமாற வேண்டியதில்லை. உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், காம்பு இருப்பதே தெரியாது, ஓரத்தில் ஒன்றிரண்டு பற்கள் இருக்கும், தடவினால் சொரசொரக்கும். மற்றதன் இலை தடித்துப் பளபளக்கும். இரு பக்கமும் காதுபோல் பிதுங்கி மூன்று மடலாகத் தெரியும். இளம் நாற்றில் சில இலைகளில் மடல் தெளிவாக இராது, ஆகவே முற்றிய இலையைக் கேட்டுப் பாருங்கள். பூவை நம்பவே வேண்டாம். இரண்டும் மஞ்சள்தான்; அழகுச் செடியின் பூ சற்றுப் பெரியது, அவ்வளவே.

பண்ணைக்காரரிடம் கேட்டபோது ரசீதைக் காட்டினார். அதில் 'வெடிலியா' என்று மட்டும் எழுதியிருந்தது. "இரண்டும் வெடிலியாதான் அம்மா, சத்தும் ஒன்றுதான்" என்றார். பழைய வகைப்பாட்டில் இரண்டுக்கும் வெடிலியா என்ற பேரினப் பெயர், அதாவது பொதுவான முதற்பெயர், இருந்தது உண்மை. மூலிகை வெடிலியா சைனென்சிஸ். அழகுச் செடி வெடிலியா டிரைலோபேட்டா. வெடிலியாவுக்குப் பின் வரும் இரண்டாவது சொல்லை எழுதாமல் விட்டதில்தான் மோசடியே இருக்கிறது. கரிசாலையின் மருத்துவக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் கட்டமைப்பைச் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர்.கோவிந்தாச்சாரி குழுவினர் 1956-இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது நம் மஞ்சள் கரிசாலையை. அந்தப் பெருமையைப் பேரினப் பெயர் ஒன்று என்பதற்காக இன்னொரு செடிக்கு ஏற்றி விற்பது என்ன நியாயம்? மெக்சிகோவிலும் கரீபியத் தீவுகளிலும் தோன்றிய செடியைப் பற்றிச் சித்தர்கள் எப்படிப் பாடியிருப்பார்கள்?

இன்னொரு கேடும் இருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்த அழகுச் செடியும் உண்டு. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். பிடுங்கி வரப்பில் போட்டால் அங்கேயே துளிர்க்கும். வாய்க்காலில் விழுந்தால் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். எங்கள் பாத்திகளில் வேரோடு தோண்டி எடுத்து, சிமெண்டுக் களத்தில் சருகாகும்வரை காயவைத்து எரித்தோம். இன்னும் விட்டுப்போன துண்டுகள் முளைத்துக்கொண்டேயிருக்கின்றன. அந்தக் கூலி நாற்றின் விலையைத் தாண்டிவிட்டது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ரசீதும் படங்களும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் ரசீதில் தாவரப் பெயரை முழுமையாக எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி நட்டிருந்தால், இலையைத் தடவிப் பார்க்கும்வரை சமையலுக்குப் பறிக்க வேண்டாம்.