பேட்டரித் தோட்டக் கருவிகள்: மூன்று வருடம் வைத்து வேலை வாங்கிய அனுபவம்

வீட்டைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டத்துக்காக, விலை குறைந்த பேட்டரிக் கருவிகள் நான்கை மூன்று வருடத்துக்கு முன் வாங்கினேன். வேலிச் செடி வெட்டும் ஹெட்ஜ் ட்ரிம்மர், புல்வெட்டி, சருகை ஊதித் தள்ளும் ப்ளோயர், ஒற்றைக் கையால் பிடிக்கும் குட்டி செயின் சா (சங்கிலி ரம்பம்). எல்லாம் ஒரே வகை பேட்டரியில் ஓடுபவை. முதல் இரண்டும் இன்றுவரை குறையில்லாமல் ஓடுகின்றன. ப்ளோயர் சுமார். செயின் சாவைக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டேன்.

வாங்கும்போது நான் கருவிகளைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது பேட்டரியை.

கூடுதலாகத் தனியே வாங்கிய ஒரு பேட்டரியின் மேல் "48 வோல்ட்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. கருவியோடு வந்ததோ 18 வோல்ட். இரண்டும் ஒரே கருவியில் மாட்டுகின்றன, வேகத்திலும் வித்தியாசமில்லை. எப்படி? அந்த 48 வோல்ட் செத்துப்போன பிறகு திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். (செத்த பேட்டரியிலும் மின்சாரம் மிச்சமிருக்கும், ஆர்வத்தில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.) உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஐந்து செல், வரிசையாக. அவ்வளவுதான். ஒரு லித்தியம் அயன் செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கு, ஐந்துக்கு 18. முழுசாக சார்ஜ் ஏறினால் ஒரு செல் 4.2 வரை போகும், அப்போது 21. ஆக, 18, 20, 21 என்று எது போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். 48 என்பது ஸ்டிக்கர் அடித்தவரின் தாராள மனசு.

பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்று சொல்லும் ஆம்பியர்-அவர் கணக்கிலும் இதே கூத்து. 18 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமும் உள்ள அந்தச் சாதாரண செல், நல்ல தரமானதாக இருந்தாலும் 3.5 ஆம்பியர்-அவர் அளவில்தான் நிற்கும். அப்படி ஐந்தே செல்லை வைத்துக்கொண்டு 6 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால் அது பொய், அதற்கு இரண்டு வரிசையாகப் பத்து செல் வேண்டும். பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எடை போடுங்கள். ஒரு செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், பத்து செல் என்றால் உள்ளேயே அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். கையில் எடுத்தால் காற்றுப் போல இருக்கிற "பெரிய" பேட்டரியை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

இன்னொரு பேட்டரி செத்தது முழுக்க என் தப்பு. மழைக் காலத்துக்கு முன் கடைசியாகப் புல் வெட்டியபோது சார்ஜ் தீர்ந்தது. அப்படியே தகரக் கூரைக் கொட்டகையில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோனேன். அப்புறம் எடுத்து மாட்டினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியதே தவிர சார்ஜ் ஏறவில்லை. தீர்ந்த நிலையிலேயே கிடந்தால் செல்லின் வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிடும், அதற்குப் பிறகு ஏற்றுவது ஆபத்து என்று சார்ஜரே மறுத்துவிடும். இப்போது பாதி சார்ஜோடு வீட்டுக்குள் அலமாரியில் வைக்கிறேன். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது சார்ஜில் போடுவதில்லை, ஆறவிட்டுத்தான்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன். நான்கில் கொடுத்த காசுக்கு முழுசாக உழைத்தது ஹெட்ஜ் ட்ரிம்மர்தான். வேலிச் செடிக்கு அதிக இழுவை தேவையில்லை என்பதால் ஒரு சார்ஜில் என் வேலி முழுவதும் முடிந்துவிடும். சுண்டுவிரல் தடிமன் வரை தயங்காமல் வெட்டும். அதற்கு மேல் போனால் பற்களுக்கு நடுவே குச்சி சிக்கி, மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் பேட்டரியைக் கழற்றுவது. குச்சியை விரலால் அல்ல, குறட்டால் பிடித்து இழுங்கள். இழுத்த கணத்தில் பிளேடு அரை அங்குலம் நகர்ந்ததை ஒருமுறை பார்த்தேன், அன்றிலிருந்து இந்தப் பழக்கம். ஒவ்வொரு முறையும் பிசினைத் துடைத்துவிட்டு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மூன்று வருடத்தில் இன்னும் சாணை பிடிக்கவில்லை.

புல்வெட்டியோடு ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் பிளேடு வந்தது. சுவர் ஓரக் கற்களில் பட்டு ஒரே மாதத்தில் பொட்டலம் காலி. நைலான் நரம்பு சுற்றும் தலையை மாற்றிய பிறகுதான் நிம்மதி. நரம்பு நாள்பட்டால் காய்ந்து பொட்டுப்பொட்டென்று ஒடியும். முந்தின நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால், நைலான் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி வளைந்து கொடுக்கிறது.

ப்ளோயர் காய்ந்த சருகுக்கு ஓகே. ஈரச் சருகு என்றால் துடைப்பமே மேல். பேட்டரியைக் குடிப்பதில் இதற்கு இணை கிடையாது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் மொத்தம் 36 வாட்-அவர். முழு வேகத்தில் 250 வாட் இழுத்தால் ஒன்பது நிமிடம்கூடத் தாங்காது.

செயின் சாதான் ஏமாற்றம். சொல்லப்போனால் பயம். எண்ணெயைக் கையால்தான் விட வேண்டும், அடிக்கடி மறந்துபோகும். புதுச் சங்கிலி ஓட ஓட நீண்டு தளரும், நான்கு கிளைக்கு ஒருமுறை நிறுத்தி முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் சங்கிலி சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி பக்கத்துக் கிளையில் பட்டு, கருவி என் முகத்தை நோக்கி உதைத்துக்கொண்டு எழும்பியது. சங்கிலியும் கழன்றது. காயம் இல்லை, மூடிதான் விரிசல் விட்டது. பெரிய செயின் சாக்களில் இந்த உதைக்கென்றே பிரேக் இருக்கும், இரண்டு கையாலும் பிடிப்போம். என்னுடையதில் இரண்டும் இல்லை. இப்போது தடித்த கிளைக்கு மடக்கு ரம்பம் வைத்திருக்கிறேன். கை வலிக்கும், ஆனால் முகத்துக்கு வராது.

செயின் சாவோடு வந்த பேட்டரி மட்டும் இன்னும் திடமாக இருக்கிறது. ஹெட்ஜ் ட்ரிம்மரில் இப்போது ஓடுவது அதுதான்.