ஸ்விஃப்ட் டிக்கியில் 30 லிட்டர் சீல்டு பெட்டி: நாலு வருஷத்துக்கு மேல் ஓட்டிய பிறகு

காருக்கு சப்வூஃபர் (அடி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) வாங்குகிறவர்கள் காசு முழுவதையும் ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் போட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கடைக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பேஸின் குணத்தை முடிவு செய்வதே பெட்டிதான்.

என் 10 இன்ச் சப், வாங்கிய கடையிலேயே ஒரு ரெடிமேட் போர்ட்டட் பெட்டியில், அதாவது காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டியில், உட்கார்ந்து வந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "தும் தும்". தவிலா, பேஸ் கிட்டாரா என்று பிரித்துக் கேட்கவே முடியாது. கேட்டால் "எல்லா காருக்கும் இதான் சார் போடுறோம்" என்றார்கள். சரி என்று டேப் வைத்து அளந்து பார்த்தேன். உள்ளே சுமார் 45 லிட்டர், போர்ட் குழாய் 10 செ.மீ. விட்டம், நீளம் ஒரு சாண்கூட இல்லை, 15 செ.மீ. கணக்குப் போட்டால் டியூனிங், அதாவது பெட்டியும் குழாயும் சேர்ந்து தானாக அதிரும் சுருதி, 48 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அந்தச் சுருதியை ஒட்டி வருவதெல்லாம் வீங்கிக் கேட்கும், அதற்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். இதே பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டுமானால் அதே விட்டத்தில் குழாய் 35 செ.மீ. நீளம் வேண்டும், நேராக வைக்க இடமிருக்காது, வளைத்துத்தான் வைக்க வேண்டும். கடையில் யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? அதனால் குழாயே இல்லாத, காற்றுப் புகாமல் மூடிய சீல்டு பெட்டி ஒன்றைச் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் சுருதி), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (ஸ்பீக்கரின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) என்று மூன்று எண்கள் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 70-களில் விரிவாக்கிய கணக்கு இந்த எண்களை வைத்துத்தான் ஓடுகிறது. சீல்டு பெட்டிக்கு ரொம்ப சுலபம்: விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்க வேண்டும். என்னுடையதில் விஏஎஸ் 30 லிட்டர், க்யூடிஎஸ் 0.5. ஆக 30 லிட்டர் பெட்டியில் விடை 0.707, அதாவது மேடு பள்ளம் இல்லாத சமமான பேஸ். அதையே 15 லிட்டரில் அடைத்தால் 0.87 ஆகி லேசாகக் குமுறும். கணக்கு அலுப்பாக இருந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, எண்களைக் கொடுத்தால் வரைபடமே போட்டுவிடும்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு "சீல்டில் அடி பேஸ் இல்லையே" என்று பயப்பட வேண்டாம். அது திறந்த வெளிக்கான வரைபடம். சீல்டு பெட்டி தன் ஒத்ததிர்வுக்குக் கீழே ஆக்டேவுக்கு (சுருதி பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கும், காரின் மூடிய சின்ன கேபினோ கீழே போகப் போகக் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தூக்கிக் கொடுக்கும். அதனால் ஹேட்ச்பேக்கில் சீல்டு எதிர்பார்ப்பதைவிட ஆழமாகவே இறங்குகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி வாசிக்கும்போது அந்த இழுப்பு எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்பதுவரை இப்போது கேட்கிறது.

ஆசாரியிடம் அளவு கொடுக்கும்போது ஒரு விஷயம். 45 × 30 × 24 செ.மீ. என்று சொன்னால் அதை வெளி அளவாக எடுத்து வெட்டிவிடுவார்கள். 18 மி.மீ. எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அப்படிச் செய்தால் உள்ளே மிஞ்சுவது 22 லிட்டர்தான். "உள்கூடு அளவு" என்று அழுத்திச் சொல்லி, படமே வரைந்து கொடுத்தேன். உள்ளே 32.4 லிட்டர், ஸ்பீக்கரின் காந்தமும் கூடை போன்ற சட்டமும் அடைக்கும் 2 லிட்டர் போக சரியாக வந்தது. மூட்டுகளில் ஃபெவிகால், உள்விளிம்பு முழுக்க சிலிக்கான். ஸ்பீக்கரின் கோனை (முன்னால் அதிரும் கூம்பை) விரல்களால் மெதுவாக அழுத்தி விட்டால் அது தயங்கித் தயங்கித் திரும்ப வேண்டும், பட்டென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது.

இத்தனை வருஷத்தில் பெட்டி எப்படி இருக்கிறது? மூட்டு ஒன்றும் விடவில்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தில் நனைந்த குடையும் செருப்பும் டிக்கியில் கிடந்ததில் கீழ்ப்பலகையின் ஒரு மூலை ஊறிப்போய் பிஸ்கட் மாதிரி உப்பியது. சீவி, வார்னிஷ் அடித்து, அடியில் ரப்பர் புஷ் வைத்த பிறகு பிரச்சினை இல்லை. இன்னொரு பெட்டி செய்தால் தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைதான். ஸ்பீக்கரை டி-நட்டும் (பலகையின் பின்னால் பதிக்கும் மரை) போல்ட்டும் போட்டு மாட்டியதால் எத்தனை தடவை கழற்றினாலும் பிடி தளரவில்லை, வெறும் ஸ்க்ரூ என்றால் எம்டிஎஃப் பொடிந்திருக்கும். அப்புறம் நம்பர் பிளேட். அதுதான் ரொம்ப நாள் கடகடத்தது, பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் அடங்கியது. பெட்டியை பிராக்கெட் வைத்து இறுக்கியே ஆக வேண்டும், அவசரமாக பிரேக் போட்டால் அத்தனை கனமும் பின் சீட்டில்தான் வந்து மோதும்.

குறை இல்லாமல் இல்லை. அதே சத்தத்துக்கு போர்ட்டட்டைவிட ஆம்ப்ளிஃபயர் அதிகம் உழைக்கிறது. ஸ்டெப்னி எடுக்கப் பெட்டியைக் கழற்ற வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக் கண்ணாடி அதிர வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது, அவர்கள் நல்ல கணக்கோடு பெரிய போர்ட்டட் பெட்டியே செய்துகொள்ளலாம், கூடவே ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த சுருதிகளை வெட்டிவிடுவது) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த போர்ட்டட் பெட்டியில் எதுவும் கிடையாது.