ஆஷின் கோடு, மில்கிராமின் சுவிட்ச்

ஆஷ், மில்கிராம் என்ற இரு உளவியலாளர்களின் சோதனைகளையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். எனக்கு அவை வேறு வேறு நோய்கள்.

சாலமன் ஆஷ் 1951-ல் கேட்டது சின்னக் கேள்வி: மூன்று கோடுகளில் எது அந்த அட்டையில் இருக்கும் கோட்டுக்குச் சமம்? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்னால் இருப்பவர்கள் (எல்லாரும் செட்டப் ஆட்கள்) வரிசையாகத் தவறாகச் சொல்ல, நம்மாள் எச்சிலை விழுங்கிக்கொண்டு அதையே சொல்கிறார். நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது வழுக்கினார்கள். யாரும் கட்டளையிடவில்லை, கேலிக்குப் பயம், அவ்வளவுதான். தாளில் எழுதச் சொன்னபோது பெரும்பாலும் சரியாகவே எழுதினார்கள்.

மில்கிராம் 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதில் கூட்டமே இல்லை. கட்டளையிட சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர், 15 முதல் 450 வோல்ட் வரை 30 சுவிட்சுகள். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அடுத்த சுவிட்சை அழுத்தி ஷாக் கொடுக்க வேண்டும். அவருக்கு உண்மையில் ஷாக் அடிக்காது. அழுத்துபவருக்கு அது தெரியாது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச்வரை போனார்கள். 'பொறுப்பு என்னுடையது' என்று கோட்டுக்காரர் சொன்னால் போதும். எனக்கு இதுதான் அதிகப் பயம் தருகிறது.

சரி, மருந்து? அது மட்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆஷின் அறையில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் தவறுகள் சட்டென்று குறைந்தன. மில்கிராம் இன்னொரு சுற்றில் பக்கத்தில் இரண்டு செட்டப் ஆட்களை உட்கார வைத்தார்; அவர்கள் மறுத்து எழுந்தபோது, 40-ல் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள்.