பத்து வயது தாண்டிய டொயோட்டா 86-ஆ, தாண்டாத எம்எக்ஸ்-5-ஆ: சிங்கப்பூரில் விற்கும் நாளில் எது கையைக் கடிக்காது?

நான் கடைசியில் வாங்கியது, பத்து வயது முடிந்து சிஓஇ (காரை ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கப்பட்ட ஒரு டொயோட்டா 86. அதோடு கடைசி வரை போட்டியில் நின்றது 2 லிட்டர் மஸ்டா எம்எக்ஸ்-5. அதற்குப் பத்து வயது ஆக இன்னும் மூன்றரை ஆண்டு இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் நண்பன் கேட்ட முதல் கேள்வி: “பார்ஃப் போன காரைப் போய் யாராவது வாங்குவாங்களா மச்சான்?” பார்ஃப் என்பது பத்து வயதுக்குள் காரின் பதிவை ரத்து செய்தால் அரசு திருப்பித் தரும் தொகை. சிங்கப்பூரில் கார் வாங்குகிற யாரும் கேட்கும் கேள்விதான். எனக்கும் அதே பயம் இருந்தது. மூன்று வாரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பயம் பாதி சரி, பாதி தவறு என்று புரிந்தது.

ஓட்டுவதைப் பற்றி நீட்டப் போவதில்லை. இரண்டுமே முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை, எடை குறைவு. எம்எக்ஸ்-5-இல் இரண்டு பேர்தான், மேலே வானம். 86-இல் பின்னால் இரண்டு இருக்கை உண்டு; என் மகள் உட்காரலாம், பெரியவர்கள் முடியாது. ஓல்ட் அப்பர் தாம்சன் சாலையில், 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த அதே மரநிழல் வளைவுகளில், விடிகாலை ஆறு மணிக்கு இரண்டையும் சட்ட வேகத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். மனது எம்எக்ஸ்-5 பக்கம்தான் சாய்ந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. பணம்தான் 86 பக்கம் இழுத்தது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே கார் விலையில் கார் ஒரு பங்குதான். ஓஎம்வி என்பது சுங்கத் துறை மதிப்பிடும் இறக்குமதி விலை. அதன்மேல் ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம். அப்புறம் பத்து ஆண்டு ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ. பத்து வயதுக்குள் காரின் பதிவை ரத்து செய்தால் ஏஆர்எஃப்பில் ஒரு பகுதி திரும்ப வரும், அதுதான் பார்ஃப். இந்த அலசலில் வருகிற வயதுக் கார்களுக்கு, ஐந்து வயதுக்குள் என்றால் 75 விழுக்காடு. அதன்பிறகு ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைந்து, பத்தாவது ஆண்டில் 50 விழுக்காட்டில் நிற்கும். பத்து முடிந்து சிஓஇயைப் புதுப்பித்தால் பார்ஃப் மொத்தமும் போய்விடும். சிஓஇயில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகை மட்டும், எந்த வயதுக் காராக இருந்தாலும், பதிவை ரத்து செய்யும்போது கணக்குப்படி திரும்ப வரும்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. என் முடிவே அதில்தான் தொங்கியது.

விளம்பரங்களில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஆண்டுத் தேய்மானம், நம் பேச்சில் ‘டிப்ரி’. பார்ஃப் உள்ள கார் என்றால், கேட்கும் விலையில் கடைசியில் கிடைக்கும் பார்ஃபைக் கழித்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுக்கிறார்கள். புதுப்பித்த கார் என்றால் விலையை ஆண்டுகளால் வகுத்தால் போதும். கணக்கு எளிதாக இருக்க எண்களை உருட்டி எழுதுகிறேன். நான் கொடுத்த சரியான விலை இதுவல்ல, ஆனால் விகிதம் இதுதான்.

எம்எக்ஸ்-5: விலை 80,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மீதம் மூன்றரை ஆண்டு. ஓஎம்வி 30,000 என்றால், அந்தக் காலத்து விகிதப்படி முதல் 20,000-க்கு அதே தொகை, அடுத்த 10,000-க்கு 140 விழுக்காடு. ஆக ஏஆர்எஃப் 34,000. கடைசியில் வரும் பார்ஃப் 17,000. எனவே ஆண்டுக்கு 18,000 வெள்ளி.

86: விலை 128,000 வெள்ளி, மீதம் எட்டு ஆண்டு. ஆண்டுக்கு 16,000.

இதை மட்டும் பார்த்தால் 86 மலிவு. ஆனால் இந்த எண் ஒரு விஷயத்தை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது: நீங்கள் கடைசி நாள் வரை அந்தக் காரை வைத்திருப்பீர்கள். இரண்டு கதவு வண்டியை அப்படி வைத்திருப்பவர்கள் குறைவு. குழந்தை பிறக்கும், அப்பா அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், வேலை மாறும். நானே இரண்டு ஆண்டு என்று மனதில் வைத்துத்தான் வாங்கினேன். அதனால் என் கேள்வி வேறாக இருந்தது: இரண்டு ஆண்டு கழித்து எந்த வாங்குபவரும் வரவில்லை, பதிவை ரத்து செய்துதான் ஆகவேண்டும் என்றால், எவ்வளவு இழப்பேன்?

அந்த நாளில் அரசிடமிருந்து வரும் தொகையைத்தான் இங்கே ‘பேப்பர் வேல்யூ’ என்கிறோம். பார்ஃபும் சிஓஇ மீதமும் சேர்ந்தது. சந்தை என்ன ஆனாலும் கார் அதற்குக் கீழே போகாது.

எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் சிஓஇ வாங்கப்பட்டது 2019-இல், விலை குறைவாக இருந்த காலம். 40,000 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு கழித்து அதற்கு எட்டரை வயது; பார்ஃப் 55 விழுக்காடு, அதாவது 18,700. சிஓஇ மீதம் ஒன்றரை ஆண்டுக்கு 6,000. மொத்தம் 24,700. கொடுத்த 80,000-இலிருந்து கழித்தால், அதிகபட்ச இழப்பு 55,300.

இப்போது 86. முதல் தலைமுறை 86 இங்கே வந்தது 2012-இல். 2013 கடைசியில் பதிவானவை 2023 கடைசியில் பத்து வயதைத் தொட்டன. அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டு சாதனை படைத்தது. புதுக் காருக்கு சிஓஇயை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்; புதுப்பிப்பவர்கள் ஏலத்துக்குப் போவதில்லை. முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியான பிகியூபியைக் கட்டுகிறார்கள். உச்சத்தின் சராசரியைக் கட்டிப் புதுப்பித்த உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சில வாரங்களிலேயே ஏலம் சரிந்து, 2024 ஜனவரியின் முதல் ஏலத்தில் பி பிரிவு 90,000-க்கும் கீழே வந்தது. ஆக, சில மாத இடைவெளியில் புதுப்பித்த இரண்டு 86-களில் ஒன்றின் சிஓஇ 130,000-க்கு மேல் இருக்கலாம், இன்னொன்று 95,000-ஆக இருக்கலாம்.

விற்பனைக்கு வரும்போது இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. வாங்குபவர் பார்ப்பது எத்தனை மாதம் மீதம் என்பதை. எவ்வளவு கட்டப்பட்டது என்பதை அல்ல. இரண்டுக்கும் எட்டு ஆண்டு மீதம், இரண்டும் 128,000 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

130,000 கட்டிய காரின் இன்றைய பேப்பர் வேல்யூ 104,000. வெறும் காருக்காக நீங்கள் கொடுப்பது 24,000 மட்டும். இரண்டு ஆண்டு கழித்தும் 78,000 நிச்சயம். அதிகபட்ச இழப்பு 50,000. எம்எக்ஸ்-5-ஐவிடக் குறைவு.

95,000 கட்டியதன் இன்றைய பேப்பர் வேல்யூ 76,000. இரண்டு ஆண்டு கழித்து 57,000. அதிகபட்ச இழப்பு 71,000.

ஒரே மாடல், ஒரே விலை, விளம்பரத்தில் ஒரே டிப்ரி. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து நிச்சயமாகக் கிடைக்கும் தொகையில், அதாவது காரின் விலை அதற்குக் கீழே போகாத ‘தரை’யில், 21,000 வெள்ளி வித்தியாசம். நண்பனின் பயம் இரண்டாவது காருக்கு முழுக்கப் பொருந்தும். முதல் காருக்குப் பொருந்தாது. நான் தேடிப் பிடித்தது முதல் வகையை. பழைய கார்க் கடைகள் இருக்கும் உபி வட்டாரத்தில் நான்கு கடை ஏறி இறங்கினேன். பிகியூபி எவ்வளவு என்று கேட்டபோது இரண்டு விற்பனையாளர்கள் உடனே சொன்னார்கள். மற்ற இருவர் “டிப்ரி பாருங்க சார், அதுதான் முக்கியம்” என்று பேச்சைத் திருப்பினார்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். இப்போதைய உரிமையாளர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நுழைந்தால், இன்று ரத்து செய்தால் எவ்வளவு வரும் என்ற எண் வரும். அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சிஓஇ ஏறினால் என்ன ஆகும்? இரண்டு காருமே நல்ல விலைக்குப் போகும், நீண்ட மீதம் உள்ள 86-க்குக் கொஞ்சம் கூடுதலாக. இறங்கினால்தான் தரையின் அருமை தெரியும். நான் பணத்தில் பயந்த சுபாவக்காரன். ஏறுவதை நம்பி வாங்கவில்லை, இறங்கினால் எங்கே நிற்கும் என்று பார்த்து வாங்கினேன்.

எம்எக்ஸ்-5 பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது. முதலில், கையில் வேண்டிய காசு. ஓஎம்வி 20,000-ஐத் தாண்டிய கார்களுக்குக் கடன் 60 விழுக்காடுதான். எனவே 80,000-க்கு 32,000 ரொக்கம் போதும். 128,000-க்கு 51,200 வேண்டும். மீதிக் கடனும் பெரிது, வட்டியும் பெரிது. என்னிடம் சேமிப்பு இருந்ததால் சமாளித்தேன். இல்லாதவர்கள் இந்த வட்டியைக் கணக்கில் சேர்த்தால் 86-இன் முன்னிலை வேகமாகக் கரையும். இரண்டாவது, மூன்றரை ஆண்டும் வைத்திருக்கப் போகிறவர்களுக்குக் கடைசியில் 17,000 வெள்ளி காத்திருக்கும், எந்தப் பேரமும் இல்லாமல். அப்படிப்பட்டவர்களுக்கு நானே எம்எக்ஸ்-5-ஐத்தான் சொல்வேன். ஒரு சின்ன விஷயம்: பார்ஃப் படி படியாகத்தான் இறங்கும். காரின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் விற்பதற்கும் அடுத்த வாரம் விற்பதற்கும் இந்தக் கணக்கில் 1,700 வெள்ளி வித்தியாசம்.

பத்து வயது தாண்டினால் சாலை வரி ஏறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இரண்டுமே 1,998 சிசி. அடிப்படை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி. பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடி 50-இல் நின்றுவிடும். அதாவது மிஞ்சிப் போனால் ஆண்டுக்கு 605 வெள்ளி கூடுதல். மேலே பார்த்த 21,000-க்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஆண்டுக்கு ஒருமுறை ஆகும். சைலன்சரை மாற்றிய வண்டியை வாங்கினால் அங்கேதான் தலைவலி. பழைய உரிமையாளர் அசல் பாகங்களைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அதற்கே தனி மதிப்பு.

பராமரிப்பில் நான் சொல்லக்கூடியது என் ஓட்டத்தின் அளவுக்குத்தான்; ஒன்றரை ஆண்டு, பெரும்பாலும் வார இறுதிகள். எண்ணெய், பிரேக் பேட், ஒரு பேட்டரி. அவ்வளவே. ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும்: 2012, 2013-இல் தயாரான 86-களுக்கு வால்வு ஸ்பிரிங் மாற்றச் சொல்லி 2018-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. இன்ஜினை வெளியே எடுத்துச் செய்யும் வேலை. செய்தார்களா, எங்கே செய்தார்கள் என்ற ஆவணத்தைக் கேளுங்கள். என் காரில் செய்திருந்தார்கள். செய்த பிறகு ஓடிய தூரமும் நிறைய இருந்ததால் தைரியமாக எடுத்தேன். எம்எக்ஸ்-5-இல் தொடக்க கால மேனுவல் கியர்பாக்ஸ்தான் கவனிக்க வேண்டிய இடம்; இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறதா என்று வண்டி குளிர்ந்திருக்கும்போது மாற்றிப் பாருங்கள். துணிக்கூரை என்றால், கூரை உள்ள வாகன நிறுத்தம் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். எங்கள் புளோக்கில் பல மாடி நிறுத்தத்தில் நடுத் தளங்கள் எப்போதும் நிறைந்திருக்கும்.

மேனுவலா ஆட்டோவா? இங்கே பலர் 3ஏ உரிமம்தான் எடுக்கிறார்கள். அவர்கள் மேனுவல் ஓட்ட முடியாது. எனவே மேனுவல் 86-க்கு வாங்குபவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர் தேடி வருவார். எனக்கு மேனுவல்தான் வேண்டும் என்றிருந்ததால் இதை எடைபோடவே இல்லை.

போர்ஷ பாக்ஸ்டர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிக்கிற சிலர் அங்கேதான் நிற்பீர்கள். ஓஎம்வி 70,000 என்றால், 2013-இல் வந்து 2023 பிப்ரவரி வரை இருந்த விகிதப்படி ஏஆர்எஃப் 98,000, பாதி 49,000. தரை உயரம்தான். ஆனால் கேட்கும் விலைக்கும் தரைக்கும் இடையிலான பள்ளமும் பெரிது, ஒரு பெரிய பழுது வந்தால் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். 2023 பிப்ரவரிக்குப் பிறகு பதிவான கார்களுக்கு பார்ஃபுக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது. எந்தக் காராக இருந்தாலும் அது பதிவான தேதியில் இருந்த விதி எது என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

இப்போது மாதம் பிறந்தால் என் பேப்பர் வேல்யூவில் ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் குறைகிறது. தெரிந்தே செய்கிற செலவு என்பதால் வலிக்கவில்லை. இன்னும் ஆறு மாதத்தில் நான் நினைத்த இரண்டு ஆண்டு முடியும். மகள் பின் இருக்கையில் முழங்காலை இடிக்கத் தொடங்கிவிட்டாள். விளம்பரம் போடும்போது முதல் வரியில் பிகியூபி தொகையையும், ஒன்மோட்டரிங் பக்கத்தின் படத்தையும் போடப் போகிறேன்.